லோடு தெரியும், லேடு தெரியுமா?

‘லோடு’ இன்னும் ஆங்கிலச் சொல்தானா என்று எனக்குச் சந்தேகம். ஒரு லோடு மணல் என்கிறோம், லோடு ஏறிவிட்டதா என்று கேட்கிறோம், லோடுமேனுக்குக் கூலி பேசுகிறோம். அந்த அளவுக்குத் தமிழில் ஊறிவிட்டது. அதற்கு உறவுக்காரர் மாதிரித் தெரிகிற ஒரு கிழட்டுச் சொல் ஆங்கிலத்தில் உண்டு. எல், ஏ, டி, ஈ என்று நான்கே எழுத்து. லேடு. சுமை ஏற்று என்று பொருள்.

இன்றைய ஆங்கிலத்தில் யாரும் இதை வினையாகப் பேசுவதில்லை. ஆனால் வினை போனாலும் அதன் கிளைகள் வண்டியின் ஆர்.சி.யிலும், துறைமுகத்துக் காகிதங்களிலும், புவியியல் பாடத்திலும், அடுப்பங்கரையிலும் கூட உட்கார்ந்திருக்கின்றன. ஏற்றுமதி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மொழிபெயர்க்கத் தொடங்கியவர்கள், போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் படிப்பவர்கள் ஆகிய மூன்று பேரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சொல்லை நீங்கள் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, எதிரே வந்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

முதலில் காதுக்கு

தமிழில் ‘லேட்’ என்று எழுதினால் தாமதம் என்றுதான் படிப்பார்கள். அதனால்தான் இங்கே லேடு என்று எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கடைசி ஒலி ‘பாடு’, ‘வீடு’ என்பதில் வருகிற மெல்லிய ‘ட’ மாதிரி. முட்டை ‘இட்டது’, மேசையில் ‘வைத்தது’ என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் ‘லெய்டு’ என்ற சொல்லும் இதுவும் ஒரே உச்சரிப்பு. காதால் பிரிக்க முடியாது, எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இதன் எச்ச வடிவம் லேடன். நம் பத்திரிகைகள் பல வருடம் ‘பின்லேடன்’ என்று எழுதியதால் இந்தச் சொல்லைக் கேட்டதும் வேறு ஞாபகம் வருகிறது. அது அரபுப் பெயர், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏற்றுவதும் இறைப்பதும்

பழைய ஆங்கிலத்தில் இந்த வினையின் வடிவம் ‘ஹ்லாடன்’. முன்னால் இருந்த ‘ஹ்’ பிற்காலத்தில் உதிர்ந்துவிட்டது. அதற்கு அப்போதே இரண்டு பொருள்: ஒன்று, சுமையை ஏற்றுவது, அடுக்குவது. இன்னொன்று, தண்ணீரை மொண்டு எடுப்பது, இறைப்பது.

மூட்டை ஏற்றுவதற்கும் தண்ணீர் இறைப்பதற்கும் எப்படி ஒரே சொல் என்று ஆங்கில மாணவர்கள் குழம்புவார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். வண்டியில் நெல் மூட்டையை ‘ஏற்றுகிறோம்’, கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க நம் தாத்தாக்கள் வைத்திருந்த கருவிக்குப் பெயர் ‘ஏற்றம்’. கீழே இருப்பதை மேலே கொண்டுவருவது என்று நம் மொழி இரண்டையும் ஒரே வேரில் பார்த்திருக்கிறது. இதை ஒரு முறை மனதில் வாங்கிக்கொண்டால் லேடு என்ற சொல்லின் இரண்டு பொருளும் மறக்காது.

இறைக்கும் பொருள் இன்று வினையாக மிச்சமில்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் மூன்றாம் பாகத்தில், தூரத்துக் கரைக்கு ஆசைப்பட்டவன் ஒருவன் குறுக்கே கிடக்கும் கடலைத் திட்டி, இதை இறைத்தே வற்றவைத்துவிடுவேன் என்று சொல்வதாக ஓர் உவமை வருகிறது. அங்கே ‘இறைத்து’ என்பதற்கு நின்ற சொல் லேடு. அதை ‘ஏற்றி’ என்று மொழிபெயர்த்தால் கதை கந்தல்தான்.

வினை போனாலும் கருவி மிஞ்சியது. குழம்பு ஊற்றும் பெரிய கரண்டிக்கு ஆங்கிலத்தில் ‘லேடில்’ என்று சொல்கிறார்களே, அது இந்த வினையிலிருந்து பிறந்ததுதான். மொள்ளுகிற கருவி, அவ்வளவுதான் அர்த்தம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்கிறோம், அந்த அகப்பைதான் லேடில். சமையலறையைத் தாண்டி இரும்பு உருக்காலையில் உருகிய எஃகைத் தாங்கும் பிரம்மாண்டமான கலத்துக்கும் இதே பெயர்தான்.

வினை வடிவங்கள்: பார்த்துவிட்டுக் கடந்து போங்கள்

நிகழ்காலம் லேடு, இறந்தகாலம் லேடட், எச்சம் லேடன். எச்சம் மட்டும் ‘ன்’ என்று முடிவதற்குக் காரணம், ‘ரிட்டன்’ (எழுதிய), ‘புரோக்கன்’ (உடைந்த) போல இதுவும் பழைய வலுவினைக் குடும்பத்தை, அதாவது ‘எட்’ சேர்க்காமல் உருவை மாற்றிக்கொள்ளும் வினைகளின் குடும்பத்தை, சேர்ந்தது என்பதே. மற்ற வடிவங்கள் தேய்ந்துபோக இந்த ஒன்று மட்டும் பெயரடையாகப் பிழைத்துக்கொண்டது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லேடன் என்பதே முடிந்த வடிவம் என்று தெரியாமல், அதன் வாலில் இன்னொரு ‘எட்’ ஒட்டி ‘லேடன்ட்’ என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே நிறைய உண்டு. தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொன்னால் இதைக் கவனியுங்கள்.

லேடன்: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

பள்ளிக்கூடத்தில் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில வழியில் புவியியல் படித்தவர்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிய பாடத்தில் ‘மாய்ஸ்சர் லேடன் விண்ட்ஸ்’ என்ற தொடர் மனப்பாடமாக இருக்கும். அரபிக்கடலில் ஈரத்தைச் சுமந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு நமக்கு வெறுங்கையோடு வருகிற காற்று. லேடன் என்றால் என்ன என்பதற்கு அகராதியை விட இந்தக் காற்று நல்ல விளக்கம். எதையோ சுமந்திருக்கிறது, அதன் கனம் தெரிகிறது.

‘லோடட்’ என்பதும் கிட்டத்தட்ட அதே பொருள்தானே, எங்கே எதைப் போடுவது? நான் பழகிய அளவில் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன். ஏற்றும் வேலையைச் சொன்னால் லோடட். ஏற்றிய பிறகு உள்ள நிலையைச் சொன்னால் லேடன். காலை ஐந்து மணிக்கு ஆட்கள் லாரியில் சரக்கு ஏற்றினார்கள் என்பதற்கு லோடட்தான் வரும், அங்கே லேடன் போட்டால் அந்தக் காலத்து ஆள் பேசுவது போல இருக்கும். அந்த லாரி முக்கி முனகி மேட்டில் ஏறியது என்று எழுதும்போது லேடன் பொருத்தம். துப்பாக்கியில் குண்டு போட்டிருந்தால் லோடட் மட்டுமே. கணினியில் பக்கம் திறப்பதற்கும் அப்படியே. பணக்காரனைக் கொச்சையாக லோடட் என்பார்கள், அங்கேயும் லேடன் நுழையாது.

லேடனுக்குப் பின்னால் ‘வித்’ வரும். ‘ஆஃப்’ வராது. அல்லது சுமையின் பெயரை முன்னால் வைத்து நடுவில் ஒரு சிறு கோடு போட்டு ஒட்டிவிடலாம். பனி லேடன் மரக்கிளை, கடன் லேடன் நிறுவனம், சர்க்கரை லேடன் பானம், குற்றவுணர்ச்சி லேடன் கடிதம் என்ற மாதிரி. இப்படி ஒட்டும்போது பெரும்பாலும் கொஞ்சம் புகார் தொனிக்கும். சர்க்கரை லேடன் என்று ஒரு பானத்தைச் சொன்னால் இனிப்பாக இருக்கிறது என்று பாராட்டவில்லை, உடம்புக்கு ஆகாது என்கிறார்கள். பழம், பூ, பரிசு என்றால் மட்டும் இந்தத் தொனி மாறி மகிழ்ச்சியாகிவிடும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேடன் என்று கண்டதும் ‘ஏற்றப்பட்ட’ என்று கை எழுதிவிடக் கூடாது. ‘பழங்கள் ஏற்றப்பட்ட மரம்’ என்று அச்சில் வந்ததை நான் படித்திருக்கிறேன். மரத்தில் யார் ஏணி போட்டுப் பழத்தை ஏற்றினார்கள்? காய்த்துக் குலுங்கும் மரம் என்று நம்மிடம் இருக்கிறது. மழை லேடன் மேகத்துக்குச் ‘சூல்கொண்ட மேகம்’ என்று அழகாக ஒன்று இருக்கிறது, ஆங்கிலத்தில்கூட அவ்வளவு உயிர் இல்லை. கடன் லேடன் என்றால் கடனில் முழுகிய. கண்ணீர் லேடன் குரல் என்றால் தழுதழுத்த குரல். சமூக அறிவியல் நூல்களில் ‘வேல்யூ லேடன்’ என்று வந்தால், ஒரு சொல் பார்வைக்கு நடுநிலையாக இருந்தாலும் அதற்குள் யாரோ ஒருவருடைய விருப்பு வெறுப்பு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ஒற்றைச் சொல் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வாக்கியமாகவே விரித்து எழுதுங்கள்.

வண்டிக் காகிதத்தில் ஒரு பயிற்சி

உங்கள் கார் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். ‘அன்லேடன் வெயிட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். சுமை எதுவும் இல்லாமல் வண்டியின் எடை. லாரியின் பக்கவாட்டுப் பலகையில் யு.எல்.டபிள்யூ. என்று பெயின்டில் எழுதியிருப்பதும் இதுதான்.

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 1988ல் வந்தது. அதில் இலகுரக வாகனம் எது என்று வரையறுக்கும்போது கார், டிராக்டர் முதலியவற்றுக்கு இந்த அன்லேடன் எடையையும், சரக்கு வண்டிக்குச் சுமையோடு சேர்ந்த மொத்த எடையையும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் எல்லை 7,500 கிலோ. ஒரு லாரியில் எவ்வளவு ஏற்றலாம் என்ற கணக்கும் எளிது. இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை வரம்பு 2018ல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆக உயர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு லாரியின் அன்லேடன் எடை 6,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், 12,000 கிலோ வரை சரக்கு ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் அது ஓவர்லோடு.

இங்கேயும் ஒரு நுணுக்கம். அன்லேடன் என்றால் சுமை இல்லாத நிலை. அன்லோடட் என்றால் பெரும்பாலும் இருந்த சுமையை இறக்கிவிட்ட நிலை. ஷோரூமிலிருந்து புதிதாக வெளியே வருகிற லாரி அன்லேடன்தான், ஆனால் அந்தப் பொருளில் அன்லோடட் இல்லை. அதில் எதையும் இன்னும் ஏற்றவே இல்லையே.

துறைமுகத்திலும் இதே கணக்கு. அங்கே கண்டெய்னர் இரண்டே வகை: லேடன், எம்ட்டி. கட்டணப் பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனி விலை. ஆக, இந்தப் பழைய சொல் தினமும் கிரேன் ஓட்டுகிறவர் வாயில் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பில் ஆஃப் லேடிங்: இந்த பில்லுக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்

நான் தூத்துக்குடியில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தில், அதாவது சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்கிற அலுவலகத்தில், சேர்ந்த முதல் வாரம். “தம்பி, அந்த பி.எல்.லை எடுத்துட்டு வா” என்றார் மேலாளர். பி என்றால் பில் என்பது வரை எனக்குப் புரிந்தது. கூரியர் பில், டீக்கடை பில், ஸ்டேஷனரி பில் என்று மேசையில் கிடந்த அத்தனையையும் வாரிக்கொண்டு போய் நின்றேன். அவர் திட்டவில்லை. சிரித்ததுதான் அதைவிட மோசமாக இருந்தது.

தமிழில் பில் என்றால் காசு கொடுக்க வேண்டிய சீட்டு. ஆங்கிலத்தில் பழைய பொருள் அதைவிட அகலம். எழுதி முத்திரை வைத்த எந்த ஆவணமும் பில்தான். சட்டசபையில் வைக்கும் மசோதாவும் பில்தானே. லேடிங் என்றால் ஏற்றுதல், ஏற்றிய சரக்கு. ஆக, ‘இன்ன சரக்கைக் கப்பலில் ஏற்றினோம்’ என்று கப்பல் கம்பெனி எழுதிக் கொடுக்கும் பத்திரம். விலை எழுதுவது இன்வாய்ஸ், அது வேறு காகிதம். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே இந்த இரண்டையும் பிரித்துவிட வேண்டும்.

இந்தப் பத்திரம் மூன்று வேலை செய்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது. கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்ற ஒப்பந்தத்துக்குச் சான்று. மூன்றாவதுதான் பெரியது: சரக்கின் மேல் உரிமை தரும் ஆவணம். நிலத்துக்குப் பத்திரம் மாதிரி. கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே கரையில் இந்தக் காகிதத்தைக் கைமாற்றிச் சரக்கை விற்றுவிடலாம். வங்கிகள் இதைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பது அதனால்தான்.

வழக்கமாக மூன்று அசல் பிரதிகள் தருவார்கள். மூன்றில் ஏதாவது ஒன்றைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. எனவே யாராவது ‘ஃபுல் செட்’ என்று கேட்டால் மூன்றையும் எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள்.

காகிதம் கைக்கு வந்ததும் நான் பார்க்கும் வரிசை இது. சரக்கு யார் பெயருக்குப் போகிறது, அல்லது ‘டு ஆர்டர்’ என்று இருக்கிறதா. பெயர் இருந்தால் அவருக்குத்தான், ‘டு ஆர்டர்’ என்றால் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றலாம். அப்புறம், சரக்கில் குறை இருந்ததாக ஏதாவது எழுதியிருக்கிறார்களா. மூட்டை கிழிந்திருந்தது, டிரம் கசிந்தது என்று ஒரு வரி இருந்தால்கூட அது ‘கிளீன்’ இல்லை, வங்கி தகராறு செய்யும். கடைசியில் ‘லேடன் ஆன் போர்டு’ என்ற முத்திரையும் அதன் தேதியும். சரக்கு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது வேறு, கப்பலில் ஏறியது வேறு. ஏறியதற்கு அத்தாட்சி இந்த முத்திரை. தேதி ஒரு நாள் தவறினால் ‘லெட்டர் ஆஃப் கிரெடிட்’டின், அதாவது பணம் தருவதாக வங்கி கொடுத்த உறுதிக் கடிதத்தின், கெடு தாண்டிப் பணம் நின்றுபோகலாம். எங்கள் அலுவலகத்தில் லேடன் என்ற சொல்லை எல்லோரும் பயத்தோடுதான் உச்சரிப்போம்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1856ல் வந்தது, மிகச் சிறிய சட்டம். அதை மாற்றி 2025ல் புதுச் சட்டம் வந்தது. புதுச் சட்டத்தின் பெயரிலும் லேடிங் அப்படியே நிற்கிறது. சட்டமும் கப்பலும் பழைய சொற்களை எளிதில் கீழே இறக்குவதில்லை. ஒரு குறிப்பு: அமெரிக்காவில் லாரியில் போகும் சரக்குக்கும் பில் ஆஃப் லேடிங் என்றே சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு எல்.ஆர்., அதாவது லாரி ரசீது. அமெரிக்க ஆவணத்தைப் பார்த்துக் கப்பலைத் தேடாதீர்கள்.

லோடு உண்மையில் உறவா?

இல்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லோடு என்ற சொல்லின் பழைய வடிவம் ‘லாட்’. அதன் பொருள் வழி, பயணம், கொண்டுபோவது. வழிநடத்துவதற்கான ‘லீட்’ என்ற ஆங்கில வினையோடு ரத்த உறவு. லேடு என்ற சொல்லோடு ஒலியும் பொருளும் நெருங்கியிருந்ததால், பழகப் பழக லோடும் சுமை என்ற பொருளுக்கு மாறிவிட்டது. பிறகு வினையாகவும் மாறி, லேடுவின் வேலையையே பறித்துக்கொண்டது. குடியிருக்க வந்தவர் வீட்டுக்காரர் ஆன கதை.

லோடின் பழைய பொருள் வேறு எழுத்துக்கூட்டலில் பத்திரமாக இருக்கிறது. எல், ஓ, டி, ஈ என்று எழுதினால் பூமிக்குள் ஓடும் தாதுவின் தடம். அதோடு நட்சத்திரம் சேர்த்தால் மாலுமிக்கு வழிகாட்டும் துருவ நட்சத்திரம், கல் சேர்த்தால் திசைகாட்டும் காந்தக்கல். பிழைப்பைக் குறிக்கும் ‘லைவ்லிஹுட்’ கூட ‘வாழும் வழி’ என்று இந்த வேரிலிருந்து வந்ததே.

லேடுவின் சொந்தக்காரர்களைப் பார்க்க ஜெர்மனிக்குப் போக வேண்டும். ஜெர்மன் மொழியில் ‘லாடன்’ என்ற வினை இன்றும் உயிரோடு இருக்கிறது. சரக்கு ஏற்றவும் அதுதான், போனுக்குச் சார்ஜ் போடவும் அதுதான். நாமும் ‘சார்ஜ் ஏத்திட்டியா’ என்றுதானே கேட்கிறோம். ஆனால் ஜெர்மன் தெருவில் கடை வாசலில் லாடன் என்று பார்த்தால் அது ‘கடை’ என்ற வேறு சொல், வேறு வேர்.

பழைய நூல்களில் வந்தால்

1611ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இந்த வினை முழு உருவில் நடமாடுகிறது. ஆதியாகமத்தில் யோசேப்பின் அண்ணன்மார் தானியத்தைக் கழுதைகள் மேல் பொதியேற்றும் இடத்தில் ‘லேடட்’. அப்போஸ்தலர் நடபடிகளில், இந்தப் பயணத்தில் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல உயிருக்கே சேதம் என்று பவுல் எச்சரிக்கும்போது சரக்கு என்பதற்கு ‘லேடிங்’. மத்தேயுவில் வரும் ‘ஹெவி லேடன்’ என்பதன் தமிழ் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எந்த ஊர் தேவாலயச் சுவரிலும் எழுதியிருக்கும்: “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே!” லேடன் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று திகைக்கும்போதெல்லாம் நான் இந்த வரியைத்தான் நினைத்துக்கொள்வேன். ‘சுமத்தப்பட்டவர்களே’ என்று போடாமல் ‘சுமக்கிறவர்களே’ என்று போட்டவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது.

கடைசியாக, குறுக்கெழுத்து

வினையாகிய லேடு இன்று வேலையில் இருக்கும் ஓர் இடம் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர். நான்கு எழுத்து, அதில் இரண்டு உயிர், கட்டம் போடுகிறவர்களுக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது. குறிப்பில் ‘சரக்கு ஏற்று’ என்றோ ‘தண்ணீர் மொள்’ என்றோ இருந்தால் லேடு. ‘தாது’ என்றால் எல், ஓ, டி, ஈ. இரண்டாவது எழுத்து குறுக்கே வரும் சொல்லில் இருந்து தெரியும் வரை பென்சிலால் எழுதுங்கள்.